பாடசாலைக் கரப்பந்தாட்டமும் போட்டி நிரலும்

கரப்பந்தாட்டத்தின் விதிகளை ஆற அமர வாசிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். அவ்விதிகளை வகுத்தோர் ஞாயிற்றையும் காற்றையுங்கூட இரு பக்கத்தாருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்திருக்கின்றனர். திறந்த வெளியில் ஆடும்போது ஒரு பக்கத்தாரின் கண்ணில் வெயில் அடிக்கும். மற்றப் பக்கத்தாருக்கு அது முதுகில் விழும். சோழகக் காற்று வீசுங் காலத்தில் ஒரு பக்கத்தார் அறையும் பந்து விரைந்து பாயும். எதிர்ப்பக்கத்தார் அனுப்பும் பந்து வலைக்கு இப்பாலே தங்கிவிடும். ஆகவே செற் முடியுந்தோறும் அணிகள் பக்கம் மாறவேண்டும் என்பது விதி. ஐந்தாவது செற் வந்துவிட்டால், வெற்றி தோல்வியைத் தீர்ப்பது அதுவே ஆகையால், நாணயம் மறுபடியும் சுண்டப்படுகிறது. அவ்வளவில் நிறுத்தினார்களா என்றால் இல்லை. 15 புள்ளிகள் கொண்ட அந்தச் செற்றின் நடுவிலே, ஓர் அணி 8 புள்ளிகளைப் பெற்றவுடன், இரு சாராரும் மீண்டும் பக்கம் மாறியாகவேண்டும்.

அணிக்குள்ளேயும் இதே நீதிதான். பந்து போடும் உரிமையை எதிரணியிடமிருந்து வென்றெடுக்குந்தோறும் ஆறு பேரும் ஓரிடம் நகர்ந்து நிற்கவேண்டும். நெட்டையன் ஒருவன் ஆட்டம் முடியும்வரை முன்வரிசையிலேயே நின்று அறைந்துகொண்டிருக்க இயலாது. அவனும் முறைவந்தபோது பின்னே சென்று குனிந்து பந்தெடுக்கவேண்டும்.

1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து வை. எம். சி. ஏ. மண்டபத்தில் வில்லியம் மோர்கன் என்பவர் வகுத்த இவ்விளையாட்டு, 1916இல் கொழும்பு வை. எம். சி. ஏ.யின் தேகாப்பியாச இயக்குநராயிருந்த கமாக் என்பவரால் இலங்கைக்கு வந்தது. 1991இல் அது இந்நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பு வருமுன்பே கிராமங்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டுவிட்டன. இரண்டு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து, வீட்டு முற்றத்திற் சற்றுப் பெரிய ஒரு வெளி ஆகியவை இருந்தாற் போதும். கிரிக்கெட்டுக்கு வேண்டிய செலவு இதற்கு இல்லை. யாழ்ப்பாணத்து ஆவரங்காலைப் போலக் கரப்பந்தாட்டத்தாற் பெயர்பெற்ற ஊர்கள் அவ்வாறு எழுந்தவையே.

இத்துணை நுணுக்கமாக நீதி பார்க்கும் விளையாட்டில், பந்து மேலே எழுமுன்னரே அநீதி நுழைந்துவிடுகிறது என்று மாணவர்கள் முறையிட்டால் பெரியவர்கள் வியப்படைகின்றனர். தோற்றவன் சொல்லும் சாட்டு என்று தள்ளிவிடுவோரும் உளர். ஆனால் அம்முறையீடு பெரும்பாலும் மத்தியஸ்தரைப் பற்றியதன்று, எதிரணியைப் பற்றியதுமன்று. போட்டிக்கு முதல்நாள் மாலையிலோ, சில இடங்களில் அன்று காலையிலோ, அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும் ஒரு தாளைப் பற்றியது. யார் யாரோடு, எந்த வரிசையில், எத்தனை மணிக்கு ஆடுவது என்று அத்தாள் சொல்லும். ஆட்டத்திற்கு விதிநூல் உண்டு. அந்தத் தாளுக்கோ பல பாடசாலைப் போட்டிகளில் எழுதிவைத்த விதி எதுவும் இருப்பதில்லை. அதை எழுதும் கையின் வசதியே விதியாகிறது.

திருவுளச் சீட்டுப் போட்டு இணைசேர்த்துவிட்டால் நீதி நிலைத்துவிடும் என்று எண்ணுவோர் பலர். சீட்டுக்குப் பாரபட்சம் இல்லை என்பது மெய்தான். ஆயினும் தோற்றவர் உடனே விலகவேண்டிய முறையில் நடக்கும் போட்டியிற் சீட்டு மட்டும் போதாது என்பதை 1883ஆம் ஆண்டிலேயே ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார். அவர் ஒக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்த சார்ள்ஸ் டொட்சன். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் ஆலிஸ் என்னும் சிறுமியின் அற்புத உலகைப் படைத்த அதே மனிதர்தான். டென்னிஸ் போட்டி ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்த அவர், தொடக்கத்திலேயே தோற்று வெளியேறிய ஆட்டக்காரர் ஒருவரின் புலம்பலைக் கேட்டார். தம்மிலும் திறமை குறைந்தவர் என்று தாம் அறிந்த ஒருவர் இரண்டாம் பரிசை எடுத்துச் செல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டிய நிலை அவருக்கு. டொட்சன் அதைச் சாட்டென்று தள்ளாமல், ஒரு சிறு நூலே எழுதினார். 32 பேர் ஆடும் போட்டியில் இரண்டாம் பரிசு உண்மையில் இரண்டாந் திறமையுடையவருக்கே கிடைக்கும் வாய்ப்பு 31இல் 16 மாத்திரமே என்று அந்நூல் நிறுவியது. நாணயத்தைச் சுண்டிவிடுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.

இதனைச் சரிபார்க்கக் கணித மேதை தேவையில்லை. எட்டுப் பாடசாலைகள் பங்குபற்றும் போட்டி ஒன்றை நினைத்துக்கொண்டாற் போதும். தலைசிறந்த அணிக்கு ஓர் இடம் விழுந்துவிட்டது. எஞ்சிய இடங்கள் ஏழு. அவற்றுள் மூன்று அதே பாதியில் இருக்கின்றன. இரண்டாவது சிறந்த அணியின் சீட்டு அம்மூன்றில் ஒன்றில் விழுந்தால், அது இறுதிப் போட்டியைக் காணாமலே வீடு திரும்பும். ஏழில் மூன்று பங்கு அபாயம்! முதற் சுற்றிலேயே அவ்விரண்டும் மோதிக்கொண்டால், ஆண்டு முழுவதும் விடியற்காலையில் எழுந்து பயின்ற பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு மணி நேர ஆட்டமும் பங்குபற்றியதற்கான ஒரு தாளுமே.

இக்குறையைப் போக்கவே, வலிய ஆட்டக்காரரை முன்கூட்டியே வெவ்வேறு பகுதிகளில் பிரித்து வைக்கும் வழக்கம் தோன்றியது. ஆங்கிலத்தில் இதனை விதை தூவுதலோடு ஒப்பிட்டு ‘சீடிங்’ என்கிறார்கள். விதைகளை ஓரிடத்திற் கொட்டாமல் பரவலாகத் தூவுவதுபோல் என்று பொருள். நெல் விதைத்துப் பழகிய நாட்டவருக்கு இவ்வுவமையை விளக்கவேண்டியதில்லை. விம்பிள்டன் போட்டியில் 1927 தொடக்கம் திறமையையே அளவாகக் கொண்டு இம்முறை கையாளப்பட்டது. கரப்பந்தாட்டத்தில் அணிகளைப் பிரிவுகளாக வகுக்கும்போது பாம்பு வளைந்து செல்வதைப் போல வரிசைப்படுத்துவர். 16 அணிகளை நான்கு பிரிவாக்கினால் முதற் பிரிவில் 1, 8, 9, 16 ஆகிய தரமுடையவை சேரும். இரண்டாவதில் 2, 7, 10, 15. மூன்றாவதில் 3, 6, 11, 14. நான்காவதில் 4, 5, 12, 13. எந்தப் பிரிவின் எண்களைக் கூட்டினாலும் 34தான் வரும். பார்க்க அழகான ஏற்பாடு.

ஆனால் அந்த 1, 2, 3 என்னும் எண்களை யார், எதைக்கொண்டு இடுவது? பாடசாலைப் போட்டிகளின் தொல்லை முழுவதும் இந்தக் கேள்வியிலேதான் அடங்கியிருக்கிறது. விம்பிள்டனில் ஆடும் ஒருவர் சென்ற ஆண்டும் அவரே, இவ்வாண்டும் அவரே. பாடசாலை அணி அத்தகையதன்று. சென்ற ஆண்டு வெற்றிக் கிண்ணத்தை ஏந்திய பிள்ளைகளிற் பலர் உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டு வெளியேறியிருப்பர். மிஞ்சுவது பாடசாலையின் பெயரும் அதன் சீருடையும். அப்படியிருந்தும் சென்ற ஆண்டின் பெறுபேற்றை வைத்தே இவ்வாண்டின் தரத்தை இடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. எண் இடப்படுவது பிள்ளைகளுக்கன்று, கட்டடத்திற்கு.

இதனால் விளையும் கேடு ஒரு சுழலைப் போன்றது. பெயர் பெற்ற கல்லூரி முதலிடத்தில் வைக்கப்படுகிறது. அதற்கு முதற் சுற்றில் எளிய எதிரி கிடைக்கிறது. அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாயின் ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்லும் சலுகையும் அதற்கே. பெயரில்லாத கிராமப் பாடசாலை 16ஆம் இடத்தில் வைக்கப்பட்டு, முதல் நாளே முதலாவது அணியைச் சந்தித்துத் தோற்கிறது. தோற்றமையால் அதற்குப் பெறுபேறு எதுவும் இல்லை. பெறுபேறு இல்லாமையால் அடுத்த ஆண்டும் அதற்கு 16ஆம் இடமே. அந்த அணி உண்மையில் நான்காந் தரத்தையோ ஐந்தாந் தரத்தையோ உடையது என்பது எவருக்கும் தெரியவராது. அதைக் காட்டிக்கொள்ளும் மேடையே அதற்கு அளிக்கப்படவில்லை.

வலய மட்டத்தில் வென்றவர் மாகாண மட்டத்திற்கும், அங்கு வென்றவர் அகில இலங்கை மட்டத்திற்கும் செல்லும் படிமுறை இங்கே உண்டு. தேசிய மட்டச் சாதனையைப் பல்கலைக்கழக அனுமதியின்போது கருத்திற்கொள்வதற்குச் சிறப்பு ஏற்பாடும் இருக்கிறது. ஆகையால் ஒரு தாளில் இடப்படும் எண் ஒரு கிண்ணத்தோடு முடிந்துவிடுவதில்லை. சில பிள்ளைகளுக்கு அது வாழ்க்கையின் ஒரு கதவு.

இனி நேர ஒழுங்கு. மூன்று அணிகள் கொண்ட பிரிவு ஒன்றை அ, ஆ, இ என்று வைத்துக்கொண்டால், நடக்கவேண்டிய போட்டிகள் மூன்றே. முதலில் அ–ஆ, அடுத்து ஆ–இ, கடைசியாக இ–அ. ஒரே ஆடுகளத்தில் இவை அடுத்தடுத்து நடக்குமானால் என்ன ஆகிறது? ஆ அணி முதலாவது போட்டியை முடித்து வியர்வையைத் துடைக்குமுன் இரண்டாவதற்கு இறங்கவேண்டும். அங்கே அதை எதிர்கொள்ளும் இ அணியோ களைப்பில்லாதது. அந்த இ அணி, தன் முறைக்கு, இரண்டாவது போட்டி முடிந்த கையோடு மூன்றாவதற்கு நிற்கவேண்டும். அங்கே அதை எதிர்கொள்ளும் அ அணி நன்றாக இளைப்பாறிவிட்டது. மூன்று அணிகளுள் அ ஒன்றுக்கே இடையில் ஓய்வு கிடைக்கிறது. வரிசையை எப்படி மாற்றினாலும் இதுவே நிலை. யாராவது ஒருவர் அ ஆகத்தான் வேண்டும். அப்படியாயின் யார் அந்த அ? போட்டியை நடத்தும் பாடசாலையே அ என்று எழுதப்பட்டிருக்கக் காணும் மாணவன், அதைத் தற்செயல் என்று எத்தனை முறை நம்புவான்?

கரப்பந்தாட்டத்திற்கு மணிக்கூடு இல்லை என்பது இன்னொரு சிக்கல். உதைபந்தாட்டமாயின் இத்தனை நிமிடம் என்று வரையறை உண்டு. இங்கே மூன்று செற்களில் ஒரு மணி நேரத்திற்குள் முடியும் போட்டியும் உண்டு; ஐந்து செற்கள் சென்று இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. ஒரு நாளில் ஒரே ஆடுகளத்தில் ஏழெட்டுப் போட்டிகளை வைத்துவிட்டு, “முதலாவது போட்டி காலை 8 மணி, ஏனையவை அடுத்தடுத்து” என்று நிரலில் எழுதிவிட்டால், கடைசிப் போட்டி எப்போது தொடங்கும் என்று பிரமனுக்கும் தெரியாது. பிள்ளைகள் உண்பதா, உண்ணாதிருப்பதா? உடம்பைச் சூடாக்குவதா, நிழலில் இருப்பதா? அருகில் வீடுள்ளவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவான். தூரத்திலிருந்து வந்தவன் மரத்தடியில் காத்திருப்பான்.

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு ஆடவரும் அணி ஒன்றை நேயர்கள் மனக்கண்ணாற் காணலாம். முதலில் படகு. ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணத்தின்பின் குறிகட்டுவான் துறை. அங்கிருந்து பேருந்தில் புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, பண்ணைப் பாலத்தின் வழியாக நகரம். காற்றுக் காலமாயின் கடலில் எழும் அலை வயிற்றைக் கலக்கிவிடும். இவ்வணிக்குக் காலை 8 மணிக்குப் போட்டி என்று எழுதுவது, அவர்கள் முதல்நாளே வந்து யாதேனும் ஒரு வகுப்பறையில் வாங்குகளை ஒதுக்கிவிட்டுத் தரையிற் படுக்கவேண்டும் என்று எழுதுவதற்குச் சமம். மாலையில் நடக்கவேண்டிய அரையிறுதி பொழுது சாயும்வரை இழுபட்டால், கடைசிப் படகு போய்விடும். வென்றால் வீட்டுக்குப் போகமுடியாது என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை எப்படி ஆடுவான்? அதே நகரத்துப் பாடசாலை ஒன்று, அதே போட்டிக்கு, சைக்கிளில் வந்து ஆடிவிட்டுப் போகும். இருவருக்கும் வலையின் உயரம் ஒன்றுதான், பந்தும் ஒன்றுதான். இருவர் கால்களும் ஒன்றல்ல.

பெண்கள் போட்டியும் ஆண்கள் போட்டியும் ஒரே ஆடுகளத்தில் நடக்கும் இடங்களில், நேரம் போதாமற் போகும்போது உச்சி வெயிலுக்குத் தள்ளப்படுவது எது என்பதை மாணவிகளைக் கேட்டால் அவர்கள் சொல்வார்கள்.

போட்டியை நடத்துவோரின் பக்கத்தையும் கேட்டாகவேண்டும். அவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். வகுப்பு, பரீட்சைத் தாள், பாடசாலைக் கணக்குவழக்கு எல்லாவற்றின் மேலும் சுமத்தப்பட்ட சுமை இது. வருவதாகச் சொன்ன அணி வராது. வராது என்றிருந்த அணி காலையில் வந்து நிற்கும். இரண்டு ஆடுகளங்களுக்குக் கோடு போட இடம் இருந்தும் இரண்டாவது வலை இராது. மின்விளக்கு இல்லாத மைதானத்தில் ஆறு மணிக்குப் பின் பந்தைக் காண முடியாது. இவற்றுக்கிடையே நள்ளிரவில் தனியே இருந்து நிரல் எழுதும் ஒருவர், தம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சற்று வசதியான இடத்தை எழுதிவிடுவது எப்போதும் வஞ்சகத்தால் அன்று. தெரிந்த முகம் முதலில் நினைவுக்கு வருவது மனித இயல்பு. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாற் பயனில்லை. அவர் கையில் விதி ஒன்றைக் கொடுக்காமற் பேனாவை மட்டுங் கொடுத்ததே பிழை.

நிரல் கோணலாக இருந்தால் அது ஆட்டத்தின் ஒழுக்கத்தையும் கெடுத்துவிடும் என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. 2010ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், இத்தாலியில் நடந்த ஆண்களுக்கான உலகக் கரப்பந்தாட்டப் போட்டியில், அங்கோனா நகரில் பிரேசிலும் பல்கேரியாவும் சந்தித்தன. இரண்டும் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டன. அன்று வெல்லும் அணி கியூபா, ஸ்பெயின் ஆகியவற்றோடு சேரவேண்டும். தோற்கும் அணிக்கோ செக் குடியரசும் ஜெர்மனியும். தோல்வியே இலாபம் என்றாகிவிட்டது. இரு சாராரும் முன்னணி ஆட்டக்காரரை வெளியே இருத்தினர். உலகின் தலைசிறந்த அணியான பிரேசில் ஒரு செற்றும் எடுக்காமல் தோற்றது. காசு கொடுத்து வந்த மக்கள் கூச்சலிட்டு இகழ்ந்தனர். பிரேசில் பின்னர் அதே போட்டியில் கியூபாவை இறுதியில் வென்று உலகக் கிண்ணத்தையும் எடுத்துச் சென்றது. கணக்கு வென்றது, ஆட்டம் தோற்றது.

வளர்ந்தவர்கள் செய்த இக்காரியத்தை ஒரு பாடசாலைப் பயிற்றுநர் செய்யும்போது அதன் கனம் வேறு. “இந்தப் போட்டியில் மெல்லத் தோற்றுவிடுங்கள் பிள்ளைகளே, அடுத்ததில் எளிய அணி வரும்” என்று 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் சொல்லவேண்டி வந்தால், அந்த வார்த்தையை அவர்கள் ஆடுகளத்தோடு விட்டுவிட்டுப் போவார்களா என்பது ஐயமே. தோற்பதில் இலாபம் உண்டு என்று சொல்லும் நிரலை எழுதியவருக்கும் அதில் பங்குண்டு.

இதற்கு வழியில்லாமல் இல்லை. 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் கரப்பந்தாட்டப் பிரிவுகள் முடிந்த பின்னரே, இரண்டாம் மூன்றாம் இடங்களைப் பெற்ற அணிகளில் யாருக்கு யார் எதிரி என்பதைத் திருவுளச் சீட்டு முடிவுசெய்தது. எதிரி யார் என்று முன்கூட்டித் தெரியாவிட்டால், மூன்றாம் இடத்திற்காகத் தோற்பவன் எதைக் கணக்கிட்டுத் தோற்பான்? இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. சில சீட்டுகளும் ஒரு பெட்டியும் போதும். அதே பெட்டியைக்கொண்டு மூன்று அணிப் பிரிவில் அ என்னும் இடத்தையும் தீர்க்கலாம். அணித் தலைவர்கள் சுற்றிநிற்க, தத்தம் கையாலேயே சீட்டை எடுத்தபின், ஓய்வில்லாத இடம் தமக்கு விழுந்துவிட்டால் பிள்ளைகள் தம் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வார்கள், ஆசிரியரை நொந்துகொள்ளமாட்டார்கள்.

தரம் இடுவதற்குச் சென்ற ஆண்டின் கிண்ணத்தை விட்டு, இவ்வாண்டின் வலயப் போட்டிகளில் அந்தப் பிள்ளைகளே எடுத்த வெற்றிகளைக் கணக்கிலெடுக்கலாம். எத்தனை போட்டி வென்றார்கள், எத்தனை செற்களை இழந்தார்கள், புள்ளி விகிதம் என்ன என்று அனைத்துலகச் சம்மேளனம் பிரிவு நிலைகளைத் தீர்க்கும் அதே அளவுகோல்கள் கைவசம் இருக்கின்றன. அவ்வாறு இட்ட எண்களை, இட்டதற்கான காரணத்தோடு, போட்டிக்கு ஒரு வாரம் முன்னதாக எல்லாப் பாடசாலைகளுக்கும் அனுப்பிவிட்டால், முறையிடவேண்டியவர் உரிய காலத்தில் முறையிடுவர். போட்டி நாட்காலையில் மைதானத்து ஓரத்தில் நடக்கும் வாக்குவாதங்களிற் பாதி அத்தோடு அடங்கும்.

ஒரே ஆடுகளம் வைத்திருப்போர்க்கு இன்னொரு செய்தி. மூன்று அணிகள், நான்கு அணிகள் கொண்ட பிரிவுகளில் யாரேனும் ஒருவர் இளைப்பாறாமல் இருமுறை ஆடுவதைத் தவிர்க்க முடியாது. ஐந்து அணிகளாயின் முடியும். பென்சிலும் தாளும் அருகில் வைத்திருக்கும் விளையாட்டாசிரியர்கள் இவ்வரிசையைக் குறித்துக்கொள்ளலாம். ஒன்றும் இரண்டும், மூன்றும் நான்கும், ஒன்றும் ஐந்தும், இரண்டும் மூன்றும், நான்கும் ஐந்தும், ஒன்றும் மூன்றும், இரண்டும் ஐந்தும், ஒன்றும் நான்கும், மூன்றும் ஐந்தும், இரண்டும் நான்கும். பத்துப் போட்டிகளில் எந்த அணியும் தொடர்ந்து இருமுறை களமிறங்கவில்லை. இந்த வரிசையில் மூன்றாம் எண் ஒன்பதாவது போட்டியோடு முடித்துக்கொள்ளும். ஒன்றாம் எண்ணோ எட்டாவதோடு புறப்படலாம். ஆனால் ஒன்றாம் எண் முதற் போட்டிக்கே நிற்கவேண்டும். காலையில் எங்கிருந்து வருகிறார்கள், மாலையில் எந்தப் படகைப் பிடிக்கவேண்டும் என்று முதலில் கேட்டறிந்துவிட்டு, அதன்பின் எந்த அணிக்கு எந்த எண் என்று எழுதலாம்.